சாப்ளினின் கடைசிப் படம்

சார்லி சாப்ளின் கடைசியாக டைரக்ட் செய்த படம் 'எ கவுண்ட்டஸ் ஃப்ரம் ஹாங்காங்'. 1967-ல் வெளியாயிற்று. மார்லன் பிராண்டோ கதாநாயகன். ஸோபியா லோரன் கதாநாயகி. இந்த மூன்று பெயர்களும் ஒரே சுவரொட்டியில் இருந்தால் டிக்கெட்டுக்கு முண்டியடிக்காதவன் யார்? ஆனால் விமர்சகர்கள் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். கிழவரின் காலம் போய்விட்டது, சரக்கு பழசு என்றார்கள்.

சரக்கு பழசுதான். 1930-களில் பாலெட் கொடார்டை மனத்தில் வைத்துக்கொண்டு புனைந்த கதை அது. பழசாக இருப்பது ஒரு குற்றமா என்ன? 'ஸிட்டி லைட்ஸ்' 1931-ல் வந்தது. இன்றைக்குப் போட்டாலும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்; முடிவில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆகவே கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

கதை சின்னது. அமெரிக்க ராஜதந்திரி ஒருவன் கப்பலில் ஊர் திரும்புகிறான். ஹாங்காங் நடன விடுதியில் பிழைப்பு நடத்தும் ருஷ்யச் சீமாட்டி ஒருத்தி, நாடும் பாஸ்போர்ட்டும் இல்லாதவள், அவனுடைய அறையில் ஒளிந்துகொள்கிறாள். வாசல் மணி அடிக்கிறது. இருவரும் பதறி ஓடுகிறார்கள். அவள் குளியலறைக்குள் மறைகிறாள். மறுபடி மணி, மறுபடி ஓட்டம். படம் நெடுக இந்த ஓட்டந்தான்.

இந்த ஓட்டத்தைச் சாப்ளினே ஓடியிருந்தால்! பயம் முதலில் அவருடைய தோளில் ஏறும்; அங்கிருந்து காலுக்கு இறங்கும்; கதவைத் திறக்கிற கணத்தில் பிரபுவின் மிடுக்காக மாறிவிடும். அந்த உடம்புக்காகத் தைத்த சட்டை இது. அதைப் பிராண்டோவுக்கு மாட்டிவிட்டார்கள். பாவம், அவர் கடன்காரனைக் கண்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வருகிறார். எல்லாப் பாத்திரங்களையும் சாப்ளின் தாமே நடித்துக் காட்டி, அப்படியே செய்யச் சொல்வாராம். பிராண்டோவோ உள்ளே தேடித் தேடி எடுக்கிற நடிகர். 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' படத்தில், அந்தப் பெண் கீழே போட்ட கையுறையை எடுத்துத் தம் கையில் மாட்டிக்கொண்டே பேசுவாரே, அந்த மனிதரிடம் போய், 'இத்தனை அடி நட, இங்கே திரும்பு' என்றால் என்ன கிடைக்கும்? நடையும் திரும்பலும் கிடைக்கும்.

நாவல் எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சபலம் உண்டு. எல்லாப் பாத்திரங்களும் தன் குரலிலேயே பேசவேண்டும் என்று தோன்றும். பக்கங்கள் நிரம்பிவிடும், ஆள் ஒருவரும் இருக்கமாட்டார்.

ஸோபியா லோரன் எவ்வளவோ தேவலை. பிராண்டோவின் பெரிய பைஜாமாவை மாட்டிக்கொண்டு, கையும் காலும் தொளதொளக்க வந்து நிற்கிறாள். அந்தப் பழைய நாடோடியின் கால்சராய் ஞாபகம் எனக்கு வந்துவிட்டது. ஆனாலும் நட்சத்திரம் நட்சத்திரந்தான். அவள் அலங்கோலமாகத் தெரியக் காமிரா சம்மதிக்கவில்லை. நாடோடிக்குக் கௌரவம் போனால் நமக்கு நெஞ்சு பதறும். இவளுக்குப் போவதற்கு ஒன்றுமில்லை. மறு காட்சியில் புதுக் கவுன் வந்துவிடும்.

நட்சத்திரம் ஒதுங்கிய இடங்களில் படம் மூச்சு விடுகிறது. சீமாட்டியை அமெரிக்காவில் இறக்குவதற்காக எஜமானனின் வேலையாள் ஹட்ஸனுக்கு அவளைப் பேருக்குக் கட்டிவைக்கிறார்கள். பாட்ரிக் கார்கில் என்பவர் அந்த வேஷம். பேருக்குத்தான் கல்யாணம் என்று தெரிந்தும், அன்றிரவு அந்த அறையிலேயே படுக்க நேர்ந்த அந்தக் கண்ணியவான் படுகிற பாடு இருக்கிறதே! வயிறு புண்ணாகிவிட்டது எனக்கு. கடல் ஒத்துக்கொள்ளாத கிழட்டுச் சிப்பந்தியாகச் சாப்ளினும் எட்டிப் பார்க்கிறார். கதவைத் திறக்கிறார், தள்ளாடுகிறார், போய்விடுகிறார். எழுபத்தாறு வயசுக்கு மேல்! அந்தச் சில விநாடிகளில் கப்பல் நிஜமாகவே ஆடுகிறது.

பாட்டும் அவர் கட்டியதுதான். 'திஸ் இஸ் மை ஸாங்' என்ற அதைப் பெட்டூலா கிளார்க் பாடி, அதே 1967-ல் இங்கிலாந்தில் முதலிடத்துக்குப் போயிற்று. கடைசிக் காட்சியில் ஹொனலூலு ஹோட்டல் ஒன்றில் கதாநாயகனும் கதாநாயகியும் மறுபடி சந்திக்கிறார்கள். கதவு மணி இல்லை, ஒளிய இடமும் வேண்டாம். பிராண்டோ அவசரமில்லாமல் அவளை அணைத்து ஆடத் தொடங்குகிறார். யாரும் சொல்லிக் கொடுக்காத மாதிரி இருக்கிறது. அத்துடன் படம் முடிந்துவிடுகிறது.