ராடி டாயிலின் 'தி கமிட்மென்ட்ஸ்' புதினத்தில் சிறுமேடை இசைக்குழு வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

ஐரிஷ் எழுத்தாளர் ராடி டாயிலின் 'தி கமிட்மென்ட்ஸ்' (1987) என்னும் புதினம், டப்ளின் நகரின் வடபகுதித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தோன்றி, உள்ளூர் மதுவிடுதிகளில் பாடி, குறுகிய காலத்திலேயே கலைந்துபோகும் இசைக்குழு ஒன்றின் கதையைச் சொல்கிறது. வெற்றியை நெருங்கி நழுவவிட்டவர்களைப் பற்றிய நகைச்சுவையாக இதனை வாசிப்பது எளிது. குழுவின் கலைவு தற்செயலானதன்று. கூட்டு உழைப்பில் விளைந்த புகழ் சமமாகப் பங்கிடப்படாமையே அதன் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். புதினத்தின் உரையாடல் வடிவம் அவ்வுழைப்பை எவ்வாறு ஏந்தி நிற்கிறது என்பதும், பெண் பாத்திரங்களையும் கறுப்பின அடையாளத்தையும் கையாளும் இடங்களில் புதினம் எங்கே தடுமாறுகிறது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ராடி டாயில், ஐரிஷ் புதினம், சோல் இசை, உள்ளூர் இசைக்குழு, கூட்டு உழைப்பு, உரையாடல் வடிவம்.

முன்னுரை

1987ஆம் ஆண்டு டப்ளின் நகரின் ராக் இசைக்குழுவான யூ2, 'தி ஜோஷுவா ட்ரீ' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டு உலகப் புகழின் உச்சியை அடைந்தது. அதே ஆண்டில், அதே நகரத்தில், எவரும் கேள்விப்பட்டிராத ஓர் இசைக்குழுவைப் பற்றிய புதினம் வெளிவந்தது. அப்போது டாயில் கில்பாரக் பகுதிப் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணியாற்றினார். நண்பர் ஒருவருடன் சேர்ந்து 'கிங் ஃபரூக்' என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி அவரே நூலை வெளியிட்டார்; மறு ஆண்டில் லண்டனின் ஹைனமன் பதிப்பகம் அதனை மறுபதிப்புச் செய்தது. உள்ளூர்க் குழுக்கள் தம் கைப்பணத்தைச் செலவிட்டு இசைத்தட்டு வெளியிடும் முறைக்கும் நூல் பிறந்த முறைக்கும் உள்ள ஒப்புமை கருதத்தக்கது.

அயர்லாந்தில் அப்போது வேலையின்மை சுமார் 17 விழுக்காடாக இருந்தது. இளைஞர் பலர் நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். இச்சூழலில் இசைக்குழு தொடங்குவது பொழுதுபோக்கா, தொழிலா, தப்பிக்கும் வழியா என்னும் கேள்வி எழுகிறது. இம்மூன்றில் எதனையும் முழு விடையாகப் புதினம் ஏற்கவில்லை.

சிறுமேடையும் அதன் ஆய்வுப் பின்புலமும்

ஹோவர்ட் பெக்கர் 'ஆர்ட் வேர்ல்ட்ஸ்' (1982) நூலில், எந்தக் கலைப்படைப்பும் தனியொருவரின் ஆக்கமன்று, பலரின் ஒத்துழைப்பால் நிகழும் கூட்டுச்செயல் என்று நிறுவினார். ரூத் ஃபின்னகன், இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்தின் உள்ளூர் இசை வாழ்வைக் கள ஆய்வு செய்து 'தி ஹிட்டன் மியூசிஷியன்ஸ்' (1989) நூலை எழுதினார். பகுதிநேர இசைஞர்களின் உலகம் ஒழுங்கற்றதன்று, அதற்கெனப் பழக்கங்களும் கற்கும் முறைகளும் உறவுகளும் உண்டு என்பது அவரது முடிவு. சாரா கோஹன் 'ராக் கல்ச்சர் இன் லிவர்பூல்' (1991) நூலில், பெயர் பெறாத இரு குழுக்களைப் பின்தொடர்ந்து அவற்றின் ஒத்திகை, பணமுடை, பூசல் ஆகியவற்றைப் பதிவு செய்தார்.

இவ்வாய்வுகள் விரித்துரைத்த உலகையே டாயில் புனைவாக்கியுள்ளார். ஜிம்மி ராபிட் என்னும் இளைஞன் 'ஹாட் பிரஸ்' இசை இதழில் விளம்பரம் கொடுக்கிறான். வாசலில் வந்து நிற்பவர்களிடம் அவர்களைக் கவர்ந்த இசைஞர் யார் என்று கேட்டு, விடை பிடிக்காவிட்டால் கதவைச் சாத்துகிறான். குழுவில் மூன்று பின்னணிப் பாடகியர் உட்படப் பத்துப்பேர் சேர்கின்றனர். மூன்று நான்கு பேரைக் கொண்ட ராக் குழுவுக்கே மதுவிடுதியின் சிறுமேடை போதாது. அங்குக் கிடைக்கும் சிறு ஊதியத்தைப் பத்தாகப் பிரித்தால் ஒருவர் கையில் எஞ்சுவது மிகச் சொற்பம். பித்தளைக் குழல்களும் கூட்டுக்குரலும் தேவைப்படும் சோல் இசையைத் தேர்ந்ததன் மூலம், வருவாயை நோக்காத கூட்டு வாழ்வையே ஜிம்மி தேர்ந்துவிடுகிறான். குழுவின் பலமும் பலவீனமும் இத்தேர்விலேயே அடங்கியுள்ளன.

உரையாடலே வடிவம்

புதினத்தில் வருணனை மிகக் குறைவு. பாத்திரங்களின் பின்கதையோ அகமன விசாரணையோ பெரும்பாலும் இல்லை. மேற்கோள் குறிக்குப் பதிலாகக் கோட்டுக்குறியுடன் தொடங்கும் வடடப்ளின் பேச்சு பக்கம் பக்கமாகத் தொடர்கிறது. கோட்டுக்குறியால் உரையாடலைத் தொடங்கும் முறை ஜேம்ஸ் ஜாய்ஸிடமும் காணப்படுவது. ஆயினும் டாயிலிடம் அது வேறொரு பணியைச் செய்கிறது: பேசுபவர் யார் என்பது பல இடங்களில் சொல்லப்படுவதில்லை. ஒருவர் தொடங்கிய கேலியை மற்றொருவர் முடிக்க, மூன்றாமவர் திருத்துகிறார். ஒத்திகையில் ஒரு கருவி விட்ட இடத்தை மற்றொரு கருவி நிரப்புவதைப் போன்ற இயக்கம் இது. கருவிகளின் ஓசையும் எழுத்தொலிக் குறிப்புகளாகவே அச்சிடப்படுகிறது. பாட்டும் பேச்சும் ஒரே தளத்தில் நிற்கின்றன.

எனவே இங்கு உரையாடல் என்பது எளிய வாசிப்புக்கான உத்தி மட்டுமன்று. தனிக்குரலுக்கு முதன்மை தராமல் குழுவின் குரலைக் கதைசொல்லியாக்கும் வடிவம் அது. இவ்வடிவத்தை உடைக்கும் பாத்திரம் எது என்று நோக்கினால் பூசலின் வேர் புலப்படும்.

பெயரும் பங்கும்

அப்பாத்திரம் டெக்கோ. குழுவின் முதன்மைப் பாடகனான அவனது குரல் உயர்ந்தது. நடத்தை சகிக்க இயலாதது. ஜேம்ஸ் பிரவுன் புகழ்பெறச் செய்த இரயில் பாடலில் வரும் அமெரிக்க ஊர்களுக்குப் பதிலாக டப்ளின் புறநகர் இரயில் நிலையங்களின் பெயர்களை வைத்து அவன் பாடும்போது, அவையினர் தம் ஊர்ப்பெயரைப் பாட்டில் கேட்டு ஆர்ப்பரிக்கின்றனர். கடன்வாங்கிய இசை ஊருக்கு உரியதாகும் கணம் அது. புதினத்தின் மிகச் சிறந்த பகுதியும் அதுவே. ஆனால் அந்த ஆர்ப்பரிப்பு பாடகனையே சென்றடைகிறது. பின்னால் நிற்கும் ஒன்பது பேரைச் சென்றடைவதில்லை. கூட்டாக ஈட்டியது தனக்கே உரியது என்று டெக்கோ கருதத் தொடங்குகிறான். அவனைத் தாக்கிவிடக்கூடும் என்று அஞ்சியே பறையடிக்கும் பில்லி விலகுகிறான்.

மேடைப்பெயர்கள் இச்சமமின்மையை நுட்பமாகக் காட்டுகின்றன. மருத்துவ மாணவனான ஜேம்ஸுக்கு அறுவை மருத்துவன் என்னும் பொருள்படும் பட்டம் கிடைக்கிறது. ஆண்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரிய தனிப்பட்டம் உண்டு. இமெல்டா, நாட்டலி, பெர்னி ஆகிய மூவருக்கோ சோனியா, சோபியா, டான்யா என ஒன்றையொன்று ஒத்த பெயர்களும், குழுப்பெயரிலிருந்து திரிந்த பொதுப்பெயர் ஒன்றுமே கிடைக்கின்றன. ஆண்களுக்குப் பெயர் அடையாளம். பெண்களுக்கு அது சீருடை.

குழுவின் மூத்த எக்காளக் கலைஞன் ஜோயி ஃபேகன் இம்மூவருடனும் அடுத்தடுத்து உறவு கொள்வது பூசலை முற்றச்செய்கிறது. பெண்களின் வருகை குழுவின் ஒற்றுமையைக் குலைக்கும் என்னும் அச்சம் ஆண் இசைஞரிடையே நிலவியதை லிவர்பூல் ஆய்வில் கோஹன் சுட்டுகிறார். டாயில் அவ்வச்சத்தைக் கேலி செய்கிறாரா, பகிர்ந்துகொள்கிறாரா என்பது ஐயத்திற்குரியது. பொறாமை கொண்ட ஆண்கள் நகைப்புக்கு இடமாகின்றனர் என்பது உண்மை. ஆனால் பெண்கள் இசையைப் பற்றி என்ன எண்ணினர் என்பதற்குப் புதினம் தரும் இடம் மிகக் குறுகியது. குழுவின் குரலே கதைசொல்லி என்னும் வடிவம் இங்குத் தன் நேர்மையை இழக்கிறது.

கற்றவன் விலகுதல்

கலைவுக்கான காரணங்களுள் முற்றிலும் இசை சார்ந்தது ஒன்றுண்டு. சாக்சஃபோனை முயன்று கற்ற டீன், பின்னர் ஜாஸ் கேட்கத் தொடங்குகிறான். சோல் இசையில் தனிவாசிப்பு பாட்டின் எல்லைக்குள் அடங்கவேண்டும்; ஜாஸ் எல்லையற்றுத் தனக்குள்ளேயே சுழல்வது, மக்களிடமிருந்து விலகியது என்பது ஜோயியின் கொள்கை. மேடையில் டீனின் வாசிப்பு எல்லையைக் கடக்கும்போது ஜோயி அதனைத் துரோகமாகவே காண்கிறான்.

இங்குப் புதினம் எப்பக்கமும் சாய்வதில்லை. கருவியைக் கையில் பிடிக்கத் தெரியாத இளைஞனுக்குக் கலையைக் கற்பித்தது குழுவே. கற்ற கலை வளர்ந்தபோது அதற்கு இடம்தர இயலாததும் அக்குழுவே. டெக்கோவின் விலகல் தன்னலத்தால் நேர்வது; டீனின் விலகல் வளர்ச்சியால் நேர்வது. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டியதில் டாயிலின் கூர்மை வெளிப்படுகிறது.

கடன்பெற்ற அடையாளம்

ஐரோப்பாவில் ஐரிஷ் மக்களும், அயர்லாந்தில் டப்ளின் மக்களும், டப்ளினில் வடபகுதியினரும் கறுப்பினத்தவர்க்கு நிகரானவர் என்று ஜிம்மி நண்பர்களிடம் வாதிடும் இடம் புகழ்பெற்றது. புதினத்தில் இதற்கு இனஇழிசொல்லே பயன்படுத்தப்பட்டுள்ளது. திரைப்படம் அதனை மாற்றியது. வர்க்க ஒடுக்குதலை இன ஒடுக்குதலோடு இணைப்பதன் மூலம், தாழ்வாகக் கருதப்பட்ட பகுதிக்குப் பெருமிதம் ஊட்டுகிறான் ஜிம்மி. ஆனால் குழுவில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. ஒருவரது வரலாறு மற்றொருவரது உருவகமாகச் சுருங்கிவிடுகிறது.

இச்சிக்கலை டாயிலே பின்னாளில் உணர்ந்துள்ளார். குடியேற்றத்தால் மாறிய அயர்லாந்தில் அவ்வரியை இனி எழுதமாட்டார் என்பதை 'தி டிபோர்ட்டீஸ்' (2007) சிறுகதைத் தொகுப்பின் முன்னுரை தெளிவாக்குகிறது. அத்தொகுப்பின் தலைப்புக் கதையில், நடுவயதை நெருங்கும் ஜிம்மி, குடியேறியவர்களைச் சேர்த்துப் புதிய குழு அமைக்கிறான். முதல் புதினத்தில் உருவகமாக மட்டும் இருந்தவர்கள் இங்கு மேடையேறுகின்றனர். ஆசிரியர் தம் படைப்பைப் படைப்பாலேயே திறனாய்வு செய்ததற்கு இது நல்ல சான்று.

திரைப்படம் மாற்றிய முடிவு

ஆலன் பார்க்கர் இயக்கிய திரைப்படம் (1991) பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் சிறந்த படத்திற்கான விருதைப் பெற்றது. பெண் பாத்திரங்கள் முதற்குரலில் பாடும் வாய்ப்பை அது விரிவாக்கியது பாராட்டுக்குரியது. ஆனால் இறுதிக்காட்சியில் பெரும்பாடகர் வில்சன் பிக்கெட்டின் வாகனம் குழு கலைந்தபின் வந்து சேர்கிறது. சற்றுப் பொறுத்திருந்தால் வென்றிருப்பர் என்னும் ஏக்கமே பார்வையாளரிடம் எஞ்சுகிறது.

புதினத்தில் காத்திருக்கும் வாய்ப்போ மிகச் சிறியது: ஐரிஷ் வழக்கில் 'முட்டாள்' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட உள்ளூர் நிறுவனம் ஒன்று ஒற்றைத்தட்டு வெளியிட முன்வருகிறது. பாடகர் ஜோ டெக்ஸ் அழைத்ததாகக் கூறி ஜோயி அமெரிக்கா புறப்படுகிறான். ஜோ டெக்ஸ் 1982இலேயே இறந்துவிட்டதை ஜிம்மி பின்னர் அறிகிறான். பெரும்புகழின் உலகம் வெறும் கதையே என்பதைப் புதினம் ஒளிக்கவில்லை. ஜோயியின் சொற்கள் பொய்யாக இருக்கலாம். அவன் கற்பித்த இசை பொய்யன்று.

முடிவுரை

கலைவுக்குப்பின் ஜிம்மி, அவுட்ஸ்பேன், டெரெக், மிக்கா ஆகியோர் ஜிம்மியின் வீட்டில் கூடி வேறொரு குழுவுக்குத் திட்டமிடுகின்றனர். இம்முறை கண்ட்ரியும் பங்க்கும் கலந்த இசை. இம்முடிவை நம்பிக்கை என்றோ அறியாமை என்றோ சுருக்குதல் பொருந்தாது. ஃபின்னகன் காட்டிய உள்ளூர் இசைஞர்களைப் போலவே, இவர்களுக்கு இசைக்குழு என்பது வேறெங்கோ செல்வதற்கான படிக்கட்டன்று. அதுவே வாழும் முறை. புகழை அளவுகோலாகக் கொண்டால் 'தி கமிட்மென்ட்ஸ்' தோல்வியின் கதை. உழைப்பை அளவுகோலாகக் கொண்டால், பத்துப்பேர் சேர்ந்து ஒரு பாட்டைத் தம் ஊருக்கு உரியதாக்கிய கதை. அப்பத்துப்பேருள் யாருடைய உழைப்புக்குப் பெயர் கிடைத்தது, யாருடையது பெயரின்றிப் போனது என்னும் கேள்வியே இப்புதினத்தை அடுத்து வாசிப்போர் தொடரவேண்டிய ஆய்வுக்களமாகும்.