இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக!

மார்கழிப் பனி சிறுமலை முகட்டைப் போர்த்திக் கிடக்க, அடிவாரத்துச் சிற்றூரின் தேவாலயத்தில் நள்ளிரவு மணி ஒலிக்கிறது. டிசம்பர் 31 மறைகிறது. சனவரி 1 பிறக்கிறது. தட்டொன்று வரிசை வரிசையாக நகர்ந்து வருகிறது. அதிலே சின்னஞ்சிறு அட்டைகள். அட்டைக்கு ஒரு வசனம். பூப்பறிப்போர், பூட்டுச் செய்வோர், தோல் பதனிடுவோர், அன்றாடங்காய்ச்சிகள் அத்தனை பேரும் ஆளுக்கொன்று எடுக்கின்றனர். எடுத்த அட்டை வீட்டுச் சுவரில் ஏறுகிறது. ஆண்டவர் அந்த ஆண்டுக்குத் தந்த 'வாக்குத்தத்தம்' அது!

அத்தகைய அட்டையொன்று நம் வகுப்பறைக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்தாள். எரேமியாவின் புத்தகம், 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். தம் மக்களுக்குத் தீங்கன்று, நலமே நினைப்பதாகக் கடவுள் கூறும் பகுதி. "மேலே எந்தக் கல்லூரி, என்ன கட்டணம், என்ன உதவித்தொகை என்று வீட்டில் விசாரித்தார்களா?" என்று கேட்டோம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அப்பா சொல்கிறார், ஐயா" என்றாள்.

கேலி பேச நமக்கு நா எழவில்லை. நாளெல்லாம் வெயிலில் நின்று, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே தேய்ந்துபோன அந்தத் தந்தைக்கு வாக்குத் தந்தவர் எத்தனை பேர்? காத்தவர் எத்தனை பேர்? மனிதர் கைவிட்ட பின்னரே அவர் அட்டையைப் பிடித்தார். அதை அறியாமல் நையாண்டி செய்வது பகுத்தறிவு ஆகாது.

ஆயினும், நாம் தமிழ் கற்பிப்போர். செய்யுளின் ஓரடியைக் கொடுத்து, 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்பது நம் தொழில். யார், யாருக்கு, எந்நிலையில் கூறினார் என்று எழுதாத மாணவனுக்கு மதிப்பெண் இல்லை. அதே அளவுகோலை அந்த அட்டைக்கும் வைப்போம்.

இடம் யாது? அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமை வென்று, அரசனையும் கைவினைஞரையும் சிறைபிடித்துச் சென்றான். அயல் மண்ணில் கிடந்த அம்மக்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய மடல் அது. அம்மடலில் அவர் சொல்வது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள், மணம் முடித்துப் பெருகுங்கள், நீங்கள் வாழும் நகரத்தின் நலனை நாடுங்கள் என்கிறார். விரைவில் விடுதலை என்று ஆசை காட்டும் தீர்க்கதரிசிகளையும் குறி சொல்வோரையும் நம்பி ஏமாறாதீர்கள் என்கிறார். இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பும் என்று அனனியா என்பவன் முழங்கியதும், அதனை எரேமியா பொய்யென்று இடித்துரைத்ததும் முந்தைய அதிகாரத்திலேயே இருக்கின்றன. மீட்சிக்கு எரேமியா குறித்த காலம் எவ்வளவு? எழுபது ஆண்டுகள்! அதைச் சொல்வது 10ஆம் வசனம்; அட்டையில் ஏறியது 11ஆம் வசனம்!

காண்மின் தோழர்களே, கத்திரிக்கோல் செய்த வேலையை! எழுபது ஆண்டுக்கு எழுதிய மடலை ஓராண்டுக்கு ஆக்கிவிட்டது. உழைத்துக் கட்டுக என்ற கட்டளை கீழே விழுந்தது. பொய் ஆறுதலை நம்பாதே என்ற எச்சரிக்கையும் விழுந்தது. இனிப்பு மட்டும் எஞ்சியது. அனனியாவை மறுத்து எழுதிய மடலிலிருந்தே அனனியாவின் குரலைப் பிழிந்தெடுக்கும் விந்தையை என்னென்பது!

இன்னொன்றும் காண்க. அவ்வசனம் பேசுவது பன்மையில். ஒருவனை நோக்கியன்று, ஒரு மக்கட் கூட்டத்தை நோக்கி. அட்டையோ தனியாளின் கையில் தனிச்சொத்தாகிவிட்டது. இந்தப் பன்மை நம் நாட்டில் முன்னரே உடைபட்டதுதான். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், தேவாலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, அதை ஏற்காமல் தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் தேவாலயத்தைவிட்டே வெளியேறினர். கடவுளை நம்பினர்; பக்கத்தில் அமரும் மனிதனை ஏற்கவில்லை!

நம்பிக்கை என்றாலே சோம்பல் என்று நாம் கூறோம். 1862 டிசம்பர் 31 இரவு, அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் விழித்திருந்தனர். மறுநாள் லிங்கன் விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டார். ஆனால், அதுவும் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டுமே. நாடெங்கும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865 டிசம்பரில். இடையிலே அம்மக்கள் அட்டையைப் பார்த்துக்கொண்டா இருந்தனர்? அந்தப் போரில் படைக்கலம் ஏந்திய கறுப்பின வீரர் ஏறத்தாழ 1,80,000 பேர்! அவர்தம் நம்பிக்கைக்குக் கால்கள் இருந்தன, நடந்தது.

நம் சிறுமலையே சான்று கூறும். மலைவாழையை முடிக்கொத்து நோய் சூறையாடிய காலம் உண்டு. நேர்ச்சையும் படையலும் அதைத் தடுத்தனவா? நோய்க்குக் காரணம் நச்சுயிரி, அதைச் சுமந்து திரிவது அசுவினி என்னும் சிறு பூச்சி, பட்ட மரத்தைப் பிடுங்கி அழித்து நோயற்ற கன்றை நடுவதே வழி என்று ஆய்ந்தறிந்தவன் மனிதன். அந்த வாழை 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. தோட்டம் போடுங்கள் என்ற எரேமியாவின் சொல்லை நிறைவேற்றியவர் யார்? மண்ணைத் தொட்டவர்!

கிறித்தவரை மட்டும் நாம் கேட்பதாக எவரும் மகிழ வேண்டாம். சித்திரையில் பஞ்சாங்கம் படிப்போரும், நாளேட்டில் இராசிபலன் தேடுவோரும் அதே தட்டில் கைவிடுவோரே. ஏன், 'தலைவர் பார்த்துக்கொள்வார்' என்று கைகட்டி இருக்கும் நம் தோழனின் சட்டைப்பையிலும் ஓர் அட்டை இருக்கிறது, வசனம்தான் வேறு. வள்ளுவர் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தார். தெய்வத்தால் ஆகாதபோதும் உழைத்த உடலுக்குக் கூலி உண்டு என்றார். அதனையும் சுவரில் எழுதிவிட்டு உறங்குவோமாயின், நமக்கும் மதிப்பெண் இல்லை.

மாணவியிடம் மடல் முழுவதையும் படித்துவரச் சொன்னோம். படித்தாள், வீட்டிலும் உரக்கப் படித்தாளாம். "வீடு கட்டச் சொல்லியிருக்கிறதே, ஐயா!" என்று வியந்தாள். அப்போது இன்னொரு வாக்கை அவளுக்குக் காட்டினோம். அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022இல் தொடங்கிய திட்டம் அது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் தாங்கியது. பெயரே 'உயர்கல்வி உறுதித் திட்டம்'. அம்மையாரைப் போன்றோர் ஏச்சும் பேச்சும் ஏற்றுத் திறந்த வழி அது. கண்ணை மூடி எடுப்பதன்று. கண்ணைத் திறந்து படித்து, படிவம் நிரப்பிக் கேட்டுப் பெறுவது.

மறுவாரம் தந்தையே பள்ளிக்கு வந்தார். அட்டையைச் சுவரிலிருந்து அவர் எடுக்கவில்லை. எடுக்கும்படி நாமும் சொல்லவில்லை. என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிச் சென்றார்.

அவருக்குப் புத்தாண்டு அன்றுதான் பிறந்தது.