நீர்வழித் தூரமும் மரத்தின் விளிம்பும்

சேலத்துக்கும் ஓமலூருக்கும் சாலைவழியே தூரம் அதிகமில்லை. நீரின் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், திருமணிமுத்தாற்றோடு நாமக்கல் சமவெளியைக் கடந்து காவிரிக்கு இறங்க வேண்டும். பிறகு காவிரியை எதிர்த்துச் சரபங்கா கலக்கும் இடம் வரை போய், சரபங்காவின் வழியே ஓமலூருக்கு ஏற வேண்டும். வேறு வழியில்லை. எந்த இரண்டு இடங்களுக்கு இடையிலும் ஒரே ஒரு வழி, அதன் நீளமே தூரம் என்று அமைந்த வெளியை வடிவியல் ‘மரம்’ என்கிறது. மேட்டூரையும் சேர்த்துப் பார்த்தால் அதன் அழகு பிடிபடும். மூன்று ஊர்களின் வழிகளும் சரபங்காக் கூடலில் சந்திக்கின்றன. அந்த முக்கோணத்துக்கு மூன்று கால்கள் உண்டு, வயிறு இல்லை. முக்கோணங்கள் ஏறத்தாழ இப்படி மெலிந்திருக்கும் வெளிகளை 1987-இல் மிகயீல் குரோமோவ் ஒரே கோட்பாட்டின் கீழ் கொண்டுவந்தார்.

ஆறு சேர்வராயன் மலையின் ஊற்றுகளோடு நின்றுவிடும். கணித மரம் நிற்பதில்லை. ஒவ்வொரு கணுவிலும் 6 கிளைகள் பிரியும் மரத்தில், ஒரு கணுவிலிருந்து புறப்பட்டுத் திரும்பாமல் நடந்துகொண்டே இருக்கும் ஒவ்வொரு வழியும் மரத்தின் விளிம்பில் ஒரு புள்ளி. யாரும் போய்ச்சேராத அந்த விளிம்புக்கும் தூரம் உண்டு என்பதுதான் இந்தக் கலையின் உச்சம். இரண்டு வழிகள் எவ்வளவு நேரம் சேர்ந்தே நடந்து பிரிகின்றனவோ, அவ்வளவு நெருக்கம். மூன்று வழிகளில் முதலில் பிரிந்த ஒன்று மற்ற இரண்டுக்கும் சமதூரத்தில் நிற்கிறது. ஆகவே விளிம்பில் எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே. வட்டத்துக்குள் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் அதுவே மையம்.

இந்த விளிம்பு வெறும் கற்பனை அல்ல. அது ஓர் எண் உலகம். 1897-இல் கூர்ட் ஹென்சல் அறிமுகப்படுத்திய எண்களில், வித்தியாசத்தை 5 எத்தனை முறை வகுக்கிறதோ அத்தனை நெருக்கம். 126-இலிருந்து 1-ஐக் கழித்தால் 125. அதை 5 மூன்று முறை வகுக்கும். மரத்தில் இவ்விரண்டின் வழிகளும் மூன்று அடி சேர்ந்து நடந்தபின் பிரிகின்றன. 1-க்கு 126 அண்டை வீடு, 2 தூரத்து ஊர். இத்தகைய எண்கள் எல்லாவற்றோடும் முடிவிலி என்ற ஒரு புள்ளியைச் சேர்த்தால் விளிம்பு நிறைவடைகிறது.

இங்கேதான் ஈரோட்டில் பிறந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட இராமானுஜனின் பெயர் வருகிறது. 1916-இல் அவர் ‘டௌ’ என்ற எண்வரிசையின் வளர்ச்சிக்கு ஒரு வரம்பை ஊகித்தார். அதில் 5-ஆம் எண் 4,830. வரம்போ ஏறத்தாழ 13,975. இந்த ஊகத்தை 1974-இல் பியர் தெலீஞ் நிறுவினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வரம்பைக் கருவியாகக் கொண்டு லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் மூவரும் 6 கிளை மரத்தை எண்கணிதக் குலம் ஒன்றால் மடித்து, முடிவுள்ள வலைகளாக்கி 1988-இல் வெளியிட்டனர். அவற்றுக்கு இராமானுஜன் கோட்டுருக்கள் என்று பெயர்.

ஒன்றில் 12,180 கணுக்கள். எந்தக் கணு எதனோடு இணைகிறது என்று காட்டும் அதன் அணியின் ஐகன் மதிப்புகளில் 6 தவிர மற்ற யாவும் 5-இன் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்குக்குள், அதாவது ஏறத்தாழ 4.47-க்குள், அடங்குகின்றன. கணுக்கள் பெருகப் பெருக, இதைவிடக் குறுகிய எல்லைக்குள் எந்த 6 கிளை வலையையும் கட்டிவைக்க முடியாது. அந்த 4.47 முடிவிலா மரத்துக்கே உரிய எண். மடித்த வலையில் விளிம்பு மறைந்துவிட்டது. மரத்தின் எண் அப்படியே தங்கியிருக்கிறது.