திணை பிறழும் முழக்கம்

இனவெறுப்பைப் பற்றிய மொழியாய்வுகள் பெரும்பாலும் வசைச்சொற்களைத் திரட்டுவதோடு நின்றுவிடுகின்றன. வெறுப்பின் வலிமை சொல்லில் மட்டுமன்றி, அச்சொல் தொடரில் பெறும் இடத்திலும் உள்ளது. 1960களில் பம்பாயில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த முழக்கம் ஒன்றை இந்நோக்கில் ஆராய்ந்து, அதனைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கலை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மகாராட்டிர மாநிலம் 1960 மே 1இல் அமைந்தது. அவ்வாண்டில் பால் தாக்கரே தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்திய அலுவலர்களின் பெயர்ப்பட்டியல்களைப் பின்னர் வெளியிட்டது. ‘படியுங்கள், சும்மா இருங்கள்’ எனப் பொருள்படும் மராத்தித் தலைப்பு அவற்றுக்கு இடப்பட்டது. 1966இல் சிவசேனை தோன்றியது. அக்காலத்தில் பரவிய முழக்கம் ‘ஹடாவ் லுங்கி, பஜாவ் புங்கி’ என்பது. ‘லுங்கியை அகற்று, மகுடியை ஊது’ என்பது அதன் நேர்ப்பொருள்.

இங்கு உடையின் பெயர் உடுத்தோருக்கு ஆகி வந்துள்ளது. மாட்டுங்காவின் அலுவலகப் பணியாளர், தாராவியின் தோல் தொழிலாளர், உடுப்பி உணவகம் நடத்திய கன்னடர் ஆகியோர் சாதியாலும் வருவாயாலும் மொழியாலும் வேறுபட்டோர். இவ்வேறுபாடுகள் அனைத்தையும் ஓர் ஆடை மறைத்துவிடுகிறது. இவர்தம் பேச்சோ ‘யண்டு குண்டு’ எனப் பொருளற்ற ஒலியாக நகையாடப்பட்டது. மொழி இல்லாதவராகக் காட்டப்பட்டவரை விளித்துப் பேச வேண்டிய தேவையும் இல்லாமற் போகிறது. முழக்கத்தின் ஏவல்வினை மராத்தியரை நோக்கியது. தென்னிந்தியர் அதில் முன்னிலையாக இடம்பெறவில்லை, செயப்படுபொருளாகவே இடம்பெறுகின்றனர்.

‘ஹடாவ்’ என்னும் வினையும் கருதத்தக்கது. 1971 தேர்தலில் இந்திரா காந்தி முன்வைத்த ‘கரீபி ஹடாவோ’ என்பதிலும் இவ்வினையே பயில்கிறது. அதற்குத் தமிழில் வழங்கிய வடிவம் ‘வறுமையே வெளியேறு’ என்பதாகும். ஆங்கு அஃறிணைப் பொருளான வறுமை, கேட்கும் ஆற்றல் உடையதுபோல் விளிக்கப்பட்டது. பம்பாய் முழக்கத்திலோ, கேட்கும் ஆற்றலுடைய மாந்தர் விளிக்கப்படாமல் பொருளாக்கப்பட்டனர்.

நன்னூல் மக்கள், தேவர், நரகர் ஆகிய மூவரையும் உயர்திணையில் அடக்கும். நரகருக்கும் திணை மறுக்கப்படவில்லை என்பது எண்ணத்தக்கது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் பிறழலாம் என்றும் அந்நூல் அமைதி கூறும். சினத்தில் ஒருவரை ‘அது’ என்பது இவ்வமைதியுள் அடங்கும். சினம் தணிந்தபின் அவர் உயர்திணைக்கு மீள்வார். வெறுப்பு முழக்கமோ வழுவமைதியை மரபாக்கிவிடுகிறது. அதனால் இலக்காவோர் மீளும் வழி அடைபடுகிறது.

கணினி விளையாட்டுத் துறையிலிருந்து ஒரு சான்று இதனை மேலும் விளக்கும். 1993இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ என்னும் உத்தி விளையாட்டை மதிப்பிட்ட ஆலன் எம்ரிச், அதன் செயல்களை ‘எக்ஸ்’ ஒலியில் தொடங்கும் நான்கு ஆங்கில வினைகளால் குறித்தார். அவற்றுள் இறுதியானது ‘எக்ஸ்டெர்மினேட்’. அவ்விளையாட்டின் பத்துக் கற்பனை இனங்களும் தூது அனுப்பும், உடன்படிக்கை செய்யும். தாக்கப்படுகையில் மட்டும் திரையில் குறையும் எண்ணாகிவிடும். தூதுவரைக் குறிக்கையில் ‘வந்தனர்’ எனவும் தாக்கப்படுவோரைக் குறிக்கையில் ‘அழிந்தன’ எனவும் எழுதத் தமிழாக்குநர் தூண்டப்படுவார். அவர் தேர்வு செய்யும் விகுதியே ஒரு தீர்ப்பாகும். மேற்குறித்த வினையின் இலத்தீன் மூலத்துக்கு ‘எல்லைக்கு அப்பால் துரத்துதல்’ என்பதே முதற்பொருள். அழித்தல் என்பது பின்னர் ஏற்பட்ட பொருள். அகற்றுதலுக்கும் அழித்தலுக்கும் இடையிலுள்ள தொலைவு சொல்வரலாற்றில் இவ்வளவு குறுகியது.

பம்பாயின் அன்றைய முழக்கம் இன அழிப்பைக் கோரவில்லை. அதன் நோக்கம் வெளியேற்றமே. அதனை ருவாண்டாவோடு ஒப்பிடுதல் மிகையாகும். ஆயினும் 1994இல் அந்நாட்டு வானொலி துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் எனக் குறித்தபோது செயற்பட்டது இதே திணைப் பிறழ்ச்சிதான். பம்பாயிலும் இலக்கு மாறியது. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களில் 900 பேர் இறந்தனர் என்று 1998இல் வெளியான சிறீகிருஷ்ணா ஆணைய அறிக்கை கூறுகிறது. அவருள் 575 பேர் முசுலிம்கள். தாராவியும் அக்கலவரத்தில் பாதிக்கப்பட்டது. ஒரு திரளை அகற்றத்தக்க பொருளாகக் காணப் பழகிய தொடரமைப்பில், பெயரை மட்டும் மாற்றி மற்றொரு திரளை அமர்த்துதல் அரிதன்று.

எனவே இம்முழக்கத்தை ‘தமிழரே வெளியேறுங்கள்’ என்றோ ‘தமிழரை விரட்டு’ என்றோ பெயர்த்தல் பொருந்தாது. முன்னது மூலத்தில் இல்லாத விளியையும் மரியாதையையும் தருகிறது. பின்னது மூலம் மறைத்த மாந்தரை வெளிப்படுத்திவிடுகிறது. இரண்டும் நல்லெண்ணத்தால் விளைபவை. இரண்டும் மூலத்தின் கொடுமையைக் குறைத்துக் காட்டுபவை. ‘லுங்கியை அகற்று’ என்னும் பெயர்ப்பே தக்கது. மூலம் செய்த இழிவைப் படிப்போர் உணர வேண்டுமாயின், மொழிபெயர்ப்பாளர் அதன் திணையைத் திருத்தலாகாது.