ஆலோகம்: ஒளியும் காட்சியும்

1. வடமொழியில் ‘ஆலோகம்’ என்னும் சொல் காண்டலையும் ஒளியையும் குறிக்கும். மோனியர் வில்லியம்சின் 1899ஆம் ஆண்டு அகராதி பார்த்தல், காட்சி ஆகிய பொருள்களை முதலிலும் ஒளி, பொலிவு ஆகியவற்றை அடுத்தும் தருகிறது. அகராதி பொருள்களை அடுக்கித் தரலாம்; மொழிபெயர்ப்பாளரோ ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். அத்தெரிவின் அடிப்படை யாது என்பது இங்கு ஆராயப்படுகிறது.

2. ‘காண்’ எனப் பொருள்படும் ‘லோக்’ என்னும் அடியில் ‘ஆ’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து இச்சொல் அமைகிறது. கண்ணைக் குறிக்கும் ‘லோசனம்’ இதன் இணையடியான ‘லோச்’ என்பதிலிருந்து வந்தது. ஒப்பியல் மொழிநூலார் இவ்வடிகளை ‘ஒளிர்’ எனப் பொருள்படும் ‘ருச்’ என்பதோடும் இலத்தீன் ‘லூக்ஸ்’ என்பதோடும் இணைப்பர். ஆதலின் இது பல்பொருள் ஒருசொல்லேயன்றி, ஒலியால் மட்டும் ஒத்த இரு சொற்கள் அன்று.

3. எனினும், வேர்ப்பொருள் வழக்குப்பொருளை எங்கும் முடிவு செய்வதில்லை. நியாய நூல்கள் கட்புலக் காட்சிக்கு ‘ஆலோக சம்யோகம்’ துணைக்காரணம் என்கின்றன. இங்கு ஆலோகம் ஒளி மட்டுமே. இதனைக் ‘காட்சி’ எனப் பெயர்த்தால் காட்சிக்குக் காட்சியே காரணம் என்றாகி வாதம் பொருளற்றுப் போகும்.

4. ஒன்பதாம் நூற்றாண்டில் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர் இயற்றிய ‘த்வன்யாலோகம்’ வேறுவகைச் சிக்கலைத் தருகிறது. இத்தலைப்பிலுள்ள ஆலோகத்தை ‘ஒளி’ என்றே பெயர்ப்பது பெருவழக்கு. நூலின் இயல்கள் ‘உத்யோதம்’, அதாவது ஒளிர்வு, எனப் பெயர் பெற்றிருப்பது இதற்கு அரண் செய்கிறது. ஆனால் அபிநவகுப்தர் தம் உரைக்கு ‘லோசனம்’ எனப் பெயரிட்டார். ‘சந்திரிகை’ என்னும் முந்தைய உரையின் பெயரையும் சேர்த்து, கண் இன்றி நிலவொளியால் மட்டும் பயன் உண்டோ என்னும் கருத்தில் சிலேடையும் அமைத்தார். அங்குச் சந்தியைப் பிரித்தால் ‘லோகம்’ (உலகம்) என்றும் கொள்ளலாம். ‘ஆலோகம்’ என்றும் கொள்ளலாம். இயல்பெயர்கள் ஒளியைச் சுட்ட, உரைப்பெயர் காண்பவனைச் சுட்டுகிறது. ‘ஒளி’ என்னும் பெயர்ப்பு இவ்விரண்டில் ஒன்றையே காக்கிறது.

5. இக்கால மொழிகளில் இச்சொற்குடும்பம் பிரிந்துவிட்டது. வங்காள ‘ஆலோ’, இந்தி ‘ஆலோக்’ ஆகியன ஒளியைக் குறிக்க, பார்வையிடல் என்னும் பொருளை இந்தியில் ‘அவலோகன்’ ஏற்றுள்ளது. ‘லோச்’ அடியில் பிறந்த சொல் இந்தியில் ‘ஆலோச்னா’ எனத் திறனாய்வையும், வங்காளத்தில் கலந்துரையாடலையும், தெலுங்கிலும் கன்னடத்திலும் சிந்தனையையும், தமிழில் ‘ஆலோசனை’ என அறிவுரையையும் குறிக்கிறது. வடிவ ஒற்றுமையை நம்பும் மொழிபெயர்ப்பாளர் வழுவும் இடம் இது.

6. தமிழில் ‘விளங்கு’ என்பது ஒளிர்தலையும் தெளிவாதலையும் ஒருங்கே உணர்த்தும். ‘உண்மை விளக்கம்’ போன்ற நூற்பெயர்களில் இந்த இருமை இயல்பாகப் பொருந்தியுள்ளது. ஆகவே ‘த்வனி ஒளி’ என்பதினும் ‘த்வனி விளக்கம்’ என்பது மூலத்திற்கு நெருக்கமானது. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. விளங்குதல் பொருளின் வினை. காண்டல் காண்பவனின் வினை. அபிநவகுப்தரின் சிலேடை பிந்தையதையே சார்ந்து நிற்கிறது. அது ‘விளக்கம்’ என்பதில் அடங்காது.

7. சுருங்கக்கூறின், ஆலோகம் காட்சிக்குக் காரணமாக நிற்குமிடத்து ‘ஒளி’ எனவும், வினையாக நிற்குமிடத்துக் ‘காட்சி’ எனவும், நூற்பெயரில் ‘விளக்கம்’ எனவும் பெயர்த்தல் தகும். சிலேடை அமைந்த இடத்தில் மூலச்சொல்லையே நிறுத்திக் குறிப்பெழுதுவதே நேர்மையான வழியாகும்.