பெரியதாயின் நிலமும் பேரனின் மொழியும்

மலேசிய எழுத்தாளர் கே. எஸ். மணியம் (1942–2020) ஆங்கிலத்தில் எழுதிய ‘த றிட்டேர்ன்’ என்னும் நாவல் 1981இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து மலாயாவுக்குப் பெயர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைப் பேரனாகிய ரவியின் கூற்றாக அது விரிக்கின்றது. பாட்டியின் வழியே தன் மரபைக் கண்டடையும் பேரனின் கதை என்று இதனைக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்வது பிழையன்று. ஆயின் நாவலின் உயிர்நிலையை அது தொடுவதில்லை.

பாட்டியாகிய பெரியதாய் மூன்று புதல்வருடன் கெடா மாநிலத்துப் பீடோங் ஊரை வந்தடைந்தவள். (சோழர் கடாரம் என்று பாடிக்கொண்ட அதே கெடாதான்; ஆனால் இவள் வந்தது வென்றோர் வரிசையிலன்று.) சிறுதொழில் செய்தும் துணி சுமந்து விற்றும் பிள்ளைகளை வளர்க்கிறாள்; ஒரு துண்டு நிலத்தில் வீடமைக்கிறாள். அவ்வீட்டில் நடராசர் திருவுருவின் முன் அவள் செய்யும் வெள்ளிக்கிழமை வழிபாடே ரவியின் முதற் கல்வி. அங்கு தத்துவம் ஏதும் உபதேசிக்கப்படுவதில்லை. சுடரும் புகையும் பாட்டியின் முகமுமே சிறுவனிடம் சேர்கின்றன. மரபு என்பது கருத்தாக அன்றிப் புலனுணர்வாகவே கைமாறுகின்றது என்பதை இப்பகுதி போல் உணர்த்தும் பக்கங்கள் புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தில் அரியன.

இவ்வழிபாட்டை அவ்வீட்டினின்று பிரித்தல் இயலாது. வீடு நிற்கும் நிலமோ அவளுக்கு உரித்தானதன்று. உரிமைப் பத்திரம் இல்லை, அதிகாரிகளும் இரங்கவில்லை. 1957இல் நாடு சுதந்திரம் பெறுகின்றது. 1958இல் நிலமற்றவளாகவே பெரியதாய் இறக்கிறாள். இவ்விரு ஆண்டுகளின் அண்மையை ஆசிரியர் உரத்துச் சொல்லவில்லை; சொல்லாதுவிட்டதே நன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும், தலைமுறைகளாக உழைத்தும் தமக்கென ஒரு முழ நிலமின்றி லயங்களில் வாழ்ந்த மலையக மக்களையும் அறிந்த ஈழத்து வாசகனுக்கு இவ்விடம் புதிதாகத் தோன்றாது.

எனவே பெரியதாய் விட்டுச் செல்வது நிறைவான ஒரு மரபன்று; நிறைவேறாத ஓர் உரிமைக் கோரிக்கை. அதன் உண்மையான வாரிசு ரவி அல்லன்; சலவைத் தொழிலாளியான அவனுடைய தந்தையே. தந்தையை அவன் ‘நைனா’ என்று அழைப்பது (தெலுங்குச் சாயல் கொண்ட இச்சொல்லை ஆசிரியர் மாற்றாது விட்டமை நன்று) இக்குடும்பத்தின் வேர்கள் தமிழில் மட்டும் அடங்குவனவல்ல என்பதையும் காட்டுகின்றது. தாய்க்குக் கிட்டாத நிலத்தைத் தான் பெறுவேன் என்ற வேட்கை நைனாவின் அறிவைச் சிதைக்கின்றது. பல மொழிகள் கலந்து குழம்பிய மந்திரங்களை அவர் உச்சரிக்கிறார்; ஈற்றில் தாம் எழுப்பிய குடிலுடன் தீக்கிரையாகிறார். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையிலான பாசத்தை மட்டும் பேசும் விமர்சனம், நடுவில் எரிந்த இத்தலைமுறையைக் காணத் தவறுகின்றது.

ரவி தப்பிவிடுகிறான். ஆங்கிலப் பாடசாலை அவனை வீட்டினின்று விலக்குகின்றது. இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்புகிறான். எந்த மொழி அவனைப் பாட்டியிடமிருந்து பிரித்ததோ, அம்மொழியிலேயே அவளை அவன் எழுதவேண்டியிருக்கின்றது. அவனது கூற்றிற் காணப்படும் குளிர்ச்சியைச் சிலர் குறையெனக் கருதலாம். உண்மையில் அதுவே நாவலின் நேர்மை. தாய்மொழியின் இளஞ்சூட்டைப் போலியாக வரவழைக்க ஆசிரியர் முயலவில்லை.

குறைகளும் உள. பெரியதாய் கதையின் முற்பகுதியிலேயே மறைந்துவிடுகிறாள். அவளது உள்ளம் பேரனின் வியப்பினூடாகவன்றி வேறு வழியாக நமக்குத் திறப்பதில்லை. ஏனைய பெண்களோ நிழல்களாகவே நடமாடுகின்றனர். இறுதியில் நைனாவை நினைந்து ரவி எழுதும் கவிதையும் தேவையற்றது. தீயணைந்த இடத்தின் மௌனத்தோடு நாவல் நின்றிருக்கலாம். மகனைக் கவிஞனாக்கிப் பார்க்கும் ஆசையில் ஆசிரியர் அம்மௌனத்தைக் கலைத்துவிட்டார்.