ஏன் வரலை என்று கேட்கும் பாட்டு

92 வயது மூதாட்டி ஒருவர் மேடையில் நின்று தி க்ளாஷ் என்ற பங்க் ராக் குழுவின் பாட்டைப் பாடுகிறார். இருப்பதா, போவதா என்று காதலில் தடுமாறும் ஒருவனின் பாட்டு அது. அவர் வாயிலிருந்து வரும்போது கேள்வி வேறு எங்கோ திரும்பிவிடுகிறது. கூட்டம் முதலில் சிரிக்கிறது, பிறகு கொஞ்சம் அமைதியாகிறது. ஸ்டீஃபன் வாக்கர் இயக்கிய ‘யங் அட் ஹார்ட்’ (2007) ஆவணப்படம் இப்படித்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்தாம்ப்டன் என்ற சிறு நகரம். 1982இல் அங்குள்ள முதியோர் குடியிருப்பு ஒன்றில் உருவான சேர்ந்திசைக் குழுதான் படத்தின் நாயகன். உறுப்பினர்களின் சராசரி வயது 80ஐ ஒட்டியது. நடத்துபவர் பாப் சில்மன். ஒரு புதிய கச்சேரிக்கு முந்தைய சில வாரங்களைப் படம் பின்தொடர்கிறது.

படத்தில் எனக்குப் பிடிக்காத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வாக்கரின் பின்னணிக் குரல் தேவைக்கு அதிகமாகக் குழைகிறது. நடுநடுவே இசை வீடியோக்கள் வேறு. பௌலிங் கூடத்தில் தாத்தாக்கள் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாடுகிறார்கள். “வயசானவங்க ராக் பாடறாங்க, எவ்ளோ க்யூட் பாருங்க” என்கிற தொனி இதிலெல்லாம் இருக்கிறது. முதியவர்களைக் குழந்தைகளாக்கி ரசிக்கும் அந்தப் பார்வை நமக்கும் பழக்கமானதுதான். பேரன் பேத்தி பிடித்துப் போடும் பாட்டி வீடியோக்களுக்கு நாம் போடாத இதயக்குறியா?

ஆனால் கேமரா ஒத்திகை அறைக்குள் நுழைந்ததும் இந்தக் கொஞ்சல் நின்றுபோகிறது. ஏனென்றால் சில்மன் கொஞ்சுவதில்லை. ‘ஏதோ பாடிட்டுப் போகட்டும்’ என்ற சலுகை அவரிடம் கிடையாது. அந்த முதியவர்கள் வீட்டில் விரும்பிக் கேட்பது பெரும்பாலும் செவ்வியல் இசையும் ஓபராவும். அவர் கொண்டுவந்து கொடுப்பதோ சோனிக் யூத் குழுவின் இரைச்சல் மிகுந்த ‘ஸ்கிட்சோஃப்ரீனியா’. அது போதாதென்று ஆலன் டூசான்ட் எழுதிய ‘எஸ் வி கேன் கேன்’. அதில் ‘கேன்’ என்ற சொல் மட்டும் 71 முறை வருகிறது. எந்த இடத்தில் எத்தனை என்று இருபது வயதுக்காரருக்கே நாக்கு புரளும். வாரக்கணக்கில் தப்பாகவே பாடுகிறார்கள். சில்மன் எரிச்சலடைகிறார், பாட்டையே தூக்கிவிடலாமா என்று யோசிக்கிறார். அவர்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பாட்டுத்தாளோடு வீட்டுக்குப் போகிறார்கள், மறுபடி வருகிறார்கள்.

இந்தப் படத்தை ‘அலைவ் இன்சைட்’ (2014) என்ற இன்னொரு ஆவணப்படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டான் கோஹன் என்ற சமூகப் பணியாளர் மறதிநோய் கண்ட முதியவர்களுக்கு அவர்கள் இளமையில் கேட்ட பாடல்களை ஐபாடில் ஏற்றிக் கொடுக்கிறார். தலைகவிழ்ந்து கிடக்கும் ஹென்றி என்ற முதியவருக்கு ஹெட்ஃபோன் மாட்டப்படுகிறது. கண்கள் விரிகின்றன, உடல் அசைகிறது. ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகும் அவர் கேப் காலவேயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஆலிவர் சாக்ஸ் அதை விளக்குகிறார். அந்தக் காட்சியில் நெகிழாதவர் இருக்க முடியாது. நானும் நெகிழ்ந்தேன்.

ஆனால் இரண்டு படங்களிலும் இசை செய்யும் வேலை ஒன்றல்ல. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் ‘அலைவ் இன்சைட்’ எனக்கு உடனே பிடிபட்டது. பிறந்த ஆண்டு, ஊர், மொழி கொடுத்தால் பாடல் பட்டியல் வரும்; பட்டியலை ஓட்டினால் முகம் மலரும். இந்தப் பக்கம் உள்ளீடு, அந்தப் பக்கம் விளைவு. இதை ஒரு செயலியாக்கலாம், ஆயிரம் இல்லங்களுக்கு விரிக்கலாம். செய்யவும் வேண்டும். பேச்சும் நினைவும் கரைந்துபோன ஒருவரை எட்ட வேறு வழி குறைவு. ஆனால் ‘யங் அட் ஹார்ட்’ குழுவில் நடப்பதை இப்படி விரிக்க முடியாது. அங்கே பாட்டு முதியவருக்குக் கொடுக்கப்படுவதில்லை, அவரிடமிருந்து கேட்கப்படுகிறது. உங்கள் வரி வராவிட்டால் பாட்டு நின்றுவிடும். பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் மூச்சை நம்பி மூச்சு எடுக்கிறார்.

கலைக்கும் உடல்நலத்துக்குமான தொடர்பு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிய அறிக்கை. நிதி கேட்டுப் போகிறவர்களுக்கு அது பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனாலும் ‘பாடினால் நுரையீரலுக்கு நல்லது’ என்ற மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தால், பாட வந்த மனிதர் நமக்குத் தெரியாமலே நோயாளியாகிவிடுகிறார். சில்மனின் அறைக்கு யாரும் நுரையீரலுக்காக வருவதில்லை. அந்த 71 ‘கேன்’களைச் சரியாகப் பாட வருகிறார்கள். நலம் அதன் உபவிளைவு.

அந்த நலத்துக்கும் எல்லை உண்டு. இசை இவர்களைச் சாவிலிருந்து காப்பதில்லை. படப்பிடிப்பு நடந்த காலத்திலேயே பாப் சல்வீனி, ஜோ பென்வா என்ற இரண்டு உறுப்பினர்கள் இறந்துபோகிறார்கள். ஒரு மரணச் செய்தியைக் கேட்ட அன்றே குழு ஒரு சிறைச்சாலையில் பாடப் போகிறது. இறந்தவருக்குச் சமர்ப்பித்து டிலனின் ‘ஃபாரெவர் யங்’ பாடுகிறது. புல்தரையில் உட்கார்ந்திருக்கும் கைதிகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் யார் யாருக்கு மருந்து கொடுக்கிறார்கள்?

இறுதிக் கச்சேரியில் கோல்ட்ப்ளேயின் ‘ஃபிக்ஸ் யூ’. சல்வீனியும் ஃப்ரெட் நிட்டிலும் சேர்ந்து பாடியிருக்க வேண்டிய பாட்டு. நிட்டில் தனியாக உட்கார்ந்து பாடுகிறார். இதயம் செயலிழந்துகொண்டிருக்கும் மனிதர் அவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வரிகளுக்கிடையே அந்தக் கருவி ‘புஸ்’ஸென்று மூச்சுவிடுவது தாளம்போலக் கேட்கிறது. எந்த மருத்துவ அளவுகோலிலும் அவர் தேறியவர் அல்ல. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அவரும் இறந்தார். ஆனால் அந்தக் குரலில் அடிபட்ட தன்மை துளியும் இல்லை. தன் பங்கைப் பாட வந்தவரின் நிதானம் அது.

நம் ஊர் முதியோர் இல்லங்களுக்கும் பாட்டு போகிறது. பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் நான்கு பழைய பாடல்கள் பாடி, சாப்பாடு போட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் அன்புதான். ஆனால் உட்கார்ந்து கேட்பதைத் தவிர அங்கிருக்கும் முதியவருக்கு அதில் வேலை ஏதும் இல்லை. ‘போன வாரம் ஏன் ஒத்திகைக்கு வரலை? உங்க வரியை யார் பாடறது?’ என்று அவரைக் கடிந்துகொள்ள ஒருவர் வேண்டும். பாடல் பட்டியலை நான் ஒரு மாலையில் எழுதிக் கொடுத்துவிடுவேன். வாராவாரம் வந்து அப்படிக் கேட்கும் ஆளை எழுத முடியாது.